பாம்பு விஷம் காட்டிய வழி: பிரஷர் மாத்திரையின் கதை



உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பெயர் இருக்கிறதா? அந்த மருந்தின் வரலாறு பிரேசில் நாட்டு விஷப்பாம்பு ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

ஜராராக்கா என்பது தென் அமெரிக்காவில் வாழும் விரியன் வகைப் பாம்பு. அதன் விஷம் உடலில் ஏறினால் ரத்த அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். அந்த விஷம் நம் ரத்தத்திலிருந்தே பிராடிகைனின் என்ற பொருளை வெளிப்படச் செய்கிறது, அது ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது என்று பிரேசில் விஞ்ஞானி ரோச்சா இ சில்வாவும் அவருடைய குழுவினரும் 1949-இல் அறிவித்தார்கள். பிராடிகைனின் சீக்கிரம் அழிந்துவிடாமல் காக்கும் பொருளும் அதே விஷத்தில் இருப்பதை 1965-இல் செர்ஜியோ ஃபெரைரா கண்டறிந்தார். அவை பெப்டைடுகள். அதாவது, சில அமினோ அமிலங்கள் மணிபோலக் கோத்த சிறு புரதத் துண்டுகள்.

பிராடிகைனினை அழிக்கும் நொதிதான் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளையும் உண்டாக்குகிறது. அதைத் தடுத்தால் பிரஷர் குறையும். ஆனால் பெப்டைடை விழுங்கினால், இறைச்சி செரிப்பதுபோல் வயிற்றில் செரித்துவிடும். ஊசியாக மட்டுமே போட முடியும். எனவே அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒண்டெட்டி இருவரும், அந்தப் பெப்டைடு செய்யும் வேலையையே செய்யக்கூடிய சிறிய வேதிப்பொருளை உருவாக்கினார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற 'ப்ரில்' மருந்துகள் அதன் வழியில் வந்தவை.

"விஷத்தில் செய்த மருந்து கூடுமா?" என்று சிலர் தயங்கலாம். இந்த மருந்தில் பாம்பு விஷம் ஒரு துளியும் இல்லை. விஷத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வேதிப்பொருள்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது. சர்க்கரை நோய்க்கான எக்செனடைடு ஊசியும் இப்படித்தான். கிலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லியின் உமிழ்நீரில் கண்ட பெப்டைடைப் பார்த்து ஆய்வகத்தில் செய்யப்பட்ட அது, 2005-இல் அனுமதி பெற்றது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

1. 'ப்ரில்' மாத்திரை சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். உடலில் பிராடிகைனின் சேர்வது அதற்கு முக்கியக் காரணம். இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டோ, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டோ இருக்க வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதித் தருவார்.

2. உதடு, நாக்கு, முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

3. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடக் கூடாது. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். இதைச் சாப்பிட்டு வரும் பெண்கள் கருத்தரிக்க எண்ணினால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. மருந்துக்கு வழிகாட்டியது என்பதால் விஷம் மருந்தாகிவிடாது. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஓதிப் பார்ப்பதில் நேரத்தைக் கழிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் கிடைக்கும்.



— செயலாளர்