உங்களுக்குத் தெரியுமா? ஆண்டாள் கல்யாண நிலவில் ஈஸ்டர்

● ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமிதான் கணக்கு. கல்யாணம் பங்குனி உத்திரத்தில். அது பௌர்ணமியை ஒட்டியே வரும். ஈஸ்டரோ, மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. யூதர்களின் பாஸ்கா பண்டிகை நிலாக்கணக்கில் வருவது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது அந்தப் பண்டிகைக் காலத்தில். அதனால்தான் ஈஸ்டருக்கு நிலையான தேதி இல்லை. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2024-இல் மார்ச் 25 உத்திரம், 31 ஈஸ்டர்.

● 2022-இல் கணக்கு விலகியது. உத்திரம் மார்ச் 18-லேயே வந்துவிட்டதால் அந்தப் பௌர்ணமி ஈஸ்டர் கணக்கில் சேரவில்லை. ஈஸ்டர் அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போனது. அதுவோ சித்ரா பௌர்ணமி! ஏப்ரல் 16 அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன ஆண்டாள் மாலையைச் சூடி அழகர் வைகையில் இறங்கினார். மறுநாள் ஈஸ்டர்.

● ராஜபாளையம் பக்கம் கல்யாணப் பந்தலில் தோரணமாகத் தொங்கும் தென்னங்குருத்துதான் ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று பவனியிலும் வரும். சிலுவையாகப் பின்னி வீட்டில் செருகி வைப்பார்கள். காய்ந்த ஓலையை எறிவதில்லை. அடுத்த ஆண்டு அதை எரித்த சாம்பல்தான் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றிக்கு.

● ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில் ஒலித்த தேவாலய மணி, சனி இரவுத் திருவிழிப்பு வரை பேசாது. இடையில் மரக்கட்டைச் சத்தம்தான்.

● அந்தச் சனி இரவில், விளக்கெல்லாம் அணைந்த கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி ஏற்றுவது பாஸ்கா திரி. அதில் அந்த ஆண்டின் எண்ணும், கிரேக்க அகரவரிசையின் முதல், கடைசி எழுத்துகளும் இருக்கும். குத்திவைக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் இயேசுவின் ஐந்து திருக்காயங்கள்.

● முட்டை எப்படி வந்தது? கல்லறையைத் திறந்து வரும் உயிர் என்பது விளக்கம். ஆனால் சமையலறைக் காரணமும் உண்டு. பழைய ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. கோழிக்கு அது தெரியாதே! சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று சாயம் பூசிக்கொண்டன. 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அரண்மனைக்கு 450 முட்டைகள் வாங்கி அலங்கரிக்கச் செய்திருக்கிறார். அந்தத் தவக்காலச் சட்டம் இங்கே அமலில் இருந்திருந்தால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நாற்பது நாள் தடைதான்.

● முட்டை கொண்டுவரும் முயலுக்கு பைபிளில் இடமே இல்லை. அது ஜெர்மானியக் கதை. 1682-இல் கியோர்க் ஃபிராங்க் என்ற மருத்துவர் அதை எழுதிவைத்தார். முட்டையை அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையோடு. முயல் நம் பக்கம் செல்லுபடியாகாததில் வியப்பில்லை. 2005-இல் அஞ்சல்தலையிலேயே இடம்பிடித்த வேட்டைநாயின் ஊர் ராஜபாளையம்!