தண்ணீர் வராவிட்டாலும் கூலியில் பிடித்தமா?

அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் கழிப்பறைக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். எத்தனை மணிக்குச் சுத்தம் செய்யப்பட்டது, செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஒப்பந்தத் தூய்மைப் பணியில் 'தரக் கட்டுப்பாடு' என்பது பெரும்பாலும் இந்தத் தாள்தான். தண்ணீர் வந்ததா, பினாயில் இருந்ததா, ஒருவர் எத்தனை வார்டு பார்த்தார் என்று கேட்கும் கட்டம் அதில் இருப்பது அரிது.

மோட்டார் பழுதாகி மேல்தொட்டி காலியாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி 'கழிப்பறை அசுத்தம்' என்று குறிக்கிறார். ஒப்பந்ததாரரின் பில்லில் தொகை குறைகிறது. மாதக் கடைசியில் அந்த வார்டைக் கூட்டிய பெண்ணின் கூலியில் பிடித்தம் விழுகிறது. மோட்டார் அப்படியே கிடக்கிறது. அடுத்த மாதமும் அதே அசுத்தம், அதே பிடித்தம்.

தமிழகத்தில் இந்த வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். அழுக்கு இருந்தால் அதைச் சுத்தம் செய்பவர்மீதே குற்றம் சொல்வது சாதி பழக்கிய பார்வை. ஒப்பந்த முறை அந்தப் பார்வைக்கு மதிப்பெண்ணும் அபராதமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

குறையைத் திருத்துவது என்றால் மூன்று வேலை. உடனே சரிசெய்ய வேண்டும். ஏன் வந்தது என்று கண்டறிய வேண்டும். அந்தக் காரணத்தை நீக்கி, மறுபடி வராமல் பார்க்க வேண்டும். மருத்துவமனைக் குப்பைப் பையில் ஊசி கிடந்து பணியாளரின் கையில் குத்தினால், ஊசியைத் தவறான பையில் போட்டது யார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதி. ஒப்பந்தப் பணியாளரும் இதில் அடக்கம். அது போடப்பட்டதா என்று பார்ப்பதும் தர ஆய்வுதான்.

அபராதத்துக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. விளக்கம் சொல்ல வாய்ப்பு தராமல் தொழிலாளிக்கு அபராதம் போடக்கூடாது. ஒரு ஊதியக் காலத்தில் மொத்த அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 10,000 ரூபாய் வாங்குபவருக்கு 300 ரூபாய்தான் உச்சம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலையை ஒப்படைத்த நிறுவனமே தர வேண்டும் என்பதும் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதல் இருந்துவரும் பொறுப்பு.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரிவதில்லை. அரசு அலுவலகம், மருத்துவமனை, நகராட்சி எதுவானாலும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதன் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், மாதம் எவ்வளவு பினாயில், எத்தனை கையுறை, பில்லில் எதற்காகப் பணம் குறைக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு இருபது பேரை வைத்து வேலை வாங்கினால், அசுத்தத்தின் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

தூய்மைப் பணியாளர் வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். அம்மாவின் ஊதியச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, தொழிலாளர் துறைக்கும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் மனு எழுதுங்கள். அந்த மனுவில் கூலியோடு, பழுதான மோட்டாரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.