மிதித்தால் திக்கும் வண்டி: அன்றும் இன்றும்

"பிக்கப் இல்லண்ணே, மிதிச்சா திக்குது." பிரீமியர் பத்மினியும் அம்பாசடரும் தெருவை ஆண்ட நாட்களில் ஒர்க்‌ஷாப் வாசலில் இந்த ஒரு வரி போதும். மெக்கானிக் பானட்டைத் தூக்குமுன் இரண்டு கேள்வி கேட்பார்: காலையில் எடுத்ததுமா, சூடேறிய பிறகா? நின்ற இடத்திலிருந்து மிதித்தாலா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? பாதி நோய் அந்தப் பதில்களிலேயே பிடிபட்டுவிடும்.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்த நொடிப் பற்றாக்குறையில்தான் என்ஜின் தடுமாறுகிறது. அதை ஈடுகட்ட பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஒரு சின்ன பம்ப் உண்டு. ரப்பர் பூசிய டயஃப்ரம் ஒன்று அழுந்தி, கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும்.

அதைச் சோதிக்கும் முறையைப் பார்க்கவே அழகாக இருக்கும். என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி லிவரைக் கையால் இழுப்பார்கள். இழுத்த அதே கணத்தில், ஊசிபோல் மெல்லிய பெட்ரோல் தாரை நேராகப் பாய வேண்டும். சொட்டினாலோ, லிவர் பாதி தூரம் போன பிறகு வந்தாலோ, டயஃப்ரம் கிழிந்திருக்கும், வால்வு குண்டு ஒட்டியிருக்கும், அல்லது பம்ப் ஜெட்டில் அடைப்பு இருக்கும். அடைப்பை எடுக்கக் கம்பி விடுபவர் நல்ல மெக்கானிக் அல்ல. 120 என்று எண் பொறித்த மெயின் ஜெட்டின் துளை 1.20 மில்லிமீட்டர், கம்பி கீறினால் அந்தக் கணக்கு போச்சு. காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய அம்பாசடரின் எஸ்.யு. கார்புரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது. மேலே உள்ள குமிழுக்குள் பிஸ்டன் சட்டென்று எழாமல் எண்ணெய்தான் பிடித்து நிறுத்தும். எண்ணெய் வற்றினால் வண்டி திக்கும். மூடியைத் திருகித் திறந்து சில சொட்டு விட்டாலே சரியாகிவிடும்.

தாரை சரியாகப் பாய்ந்தும் வண்டி திக்கினால் கைதேர்ந்தவர்கள் கார்புரேட்டரை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறப்பார்கள். பாயின்ட் கருகியிருக்கும், அல்லது வேக்குவம் அட்வான்ஸ் குழாய் வெடித்திருக்கும். பார்க்காமல் கார்புரேட்டர் மீது பழி போட்டு அதை மாற்றச் செய்த செலவு எத்தனையோ.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் பாரத் ஸ்டேஜ்-6 வந்த 2020 வரை தாக்குப்பிடித்தது. இன்று ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்தது என்பதை ஒரு சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. பம்ப் செய்த அதே வேலைதான். ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண் திரையில் வரும். பத்மினியில் அதைச் செருக இடமே இல்லை. ஸ்கேனரோடு தொழில் கற்ற பையன் அங்கே திணறினால் அவனைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தத் தாரையை அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

நோயும் மாறிவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அன்று டேங்க் துருவும் மண்ணெண்ணெய்க் கலப்பும் எதிரி. இன்று பங்கிலேயே 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது. சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். கம்ப்யூட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஜெட்டின் துளை திருத்திக்கொள்ளாது. அதனால் பம்ப், பாயின்ட் எல்லாம் நன்றாக இருந்தும் கலவையில் பெட்ரோல் குறைந்து வண்டி திக்கும். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டயஃப்ரமும் பெட்ரோல் குழாயும் எத்தனால் தாங்குபவையா என்று கேட்டு வாங்க வேண்டும். மற்றவை சரியாக இருந்தும் திக்கினால், மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். இளம் பழுப்பாக இருந்தால் அந்த ஜெட்டையே வைத்துக்கொள்ளலாம்.