பூட்டாத பெட்டகம்!

குட்டீஸ், வங்கியில் உள்ள பெரிய இரும்புப் பெட்டகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒரு பெட்டகத்தைக் காப்பாற்ற ஒருவர் தன் உயிரையே கொடுத்தார். அது நடந்த கட்டடம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நார்த்ஃபீல்டு என்ற சிறிய ஊரில் இன்றும் இருக்கிறது.

1868-ல் ஹைரம் ஸ்கிரைவர் என்ற வியாபாரி கட்டிய கல் கட்டடம் அது. அதன் ஒரு பகுதியில் 'ஃபர்ஸ்ட் நேஷனல்' வங்கி இயங்கி வந்தது.

1876, செப்டம்பர் 7. பிற்பகல் 2 மணி. குதிரைகளில் வந்து இறங்கியது 8 பேர் கொண்ட கொள்ளைக் கூட்டம். பல மாநிலங்களைக் கலக்கிய ஜெஸ்ஸி ஜேம்ஸின் கூட்டம்தான் அது! மூன்று பேர் வங்கிக்குள் பாய்ந்தனர். மற்றவர்கள் தெருவில் காவல் நின்றனர்.

அன்று வங்கிப் பொறுப்பில் இருந்தவர் ஜோசப் லீ ஹேவுட். "பெட்டகத்தைத் திற!" என்று மிரட்டினர், அடித்தனர். "அதில் நேரப்பூட்டு இருக்கிறது. இப்போது திறக்க முடியாது" என்றார் ஹேவுட். உண்மை என்ன தெரியுமா? பெட்டகம் பூட்டப்படவே இல்லை! கொள்ளையர்கள் அதை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஹேவுட் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தார்? அந்தக் காலத்தில் வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு கிடையாது. அமெரிக்கா முழுவதற்கும் அது 1934-ல்தான் வந்தது. கொள்ளை போனால், ஊராரின் சேமிப்பு போனது போனதுதான்!

இதற்குள் விஷயம் தெருவில் பரவியது. ஊர் மக்கள் இரும்புக்கடைகளில் இருந்த துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டனர். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கல்லெறிந்தனர்! 7 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இரண்டு கொள்ளையர்கள் தெருவிலேயே இறந்தனர். மற்றவர்கள் தப்பி ஓடினர். அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 26 டாலர் 70 சென்ட்.

ஆனால், வெளியேறும்போது ஒருவன் ஹேவுட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டான். வீட்டில் அவருக்காக மனைவியும் சின்னஞ்சிறு மகளும் காத்திருந்தனர். ஸ்வீடனிலிருந்து பிழைக்க வந்திருந்த குஸ்டாவ்சன் என்பவரும் தெருவில் குண்டடிபட்டு, சில நாட்களில் இறந்தார். இரண்டு வாரங்கள் கழித்து, தப்பியவர்களில் மூன்று பேர் பிடிபட்டனர், ஒருவன் கொல்லப்பட்டான். ஜெஸ்ஸி ஜேம்ஸும் அவன் அண்ணனும் மட்டும் தப்பினர்.

அந்த வங்கி இப்போது அருங்காட்சியகம். 1876-ல் இருந்தது போலவே அறையைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில், அன்று நடந்ததை ஊர் மக்கள் குதிரைகளோடு நடித்துக் காட்டுகிறார்கள். அந்த விழாவின் பெயர் என்ன தெரியுமா? 'ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்ற நாட்கள்'!