விட்டு விட்டு வரும் மந்தம்

மாணவ நண்பர்களே, முறைக்காய்ச்சல் என்னும் நோயை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நாள் உடல் கொதிக்கும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். மூன்றாம் நாள் மீண்டும் காய்ச்சல் வந்து சேரும். காய்ச்சல் இல்லாத நாளில் மருத்துவரிடம் சென்றால், உடல் வெப்பத்தை அளந்து அவர் என்ன கூற இயலும்? காய்ச்சல் வந்த நேரங்களை வீட்டார் குறித்து வைத்திருந்தாலோ, அந்தக் குறிப்பே நோயின் வகையைச் சுட்டிக் காட்டும். 48 மணிக்கு ஒரு முறை வரும் மலேரியாவும், 72 மணிக்கு ஒரு முறை வரும் மலேரியாவும் வெவ்வேறு கிருமிகளால் உண்டாவன என்பதை 1880-களில் இத்தாலிய அறிஞர் கோல்ஜி விளக்கினார்.

கணினிகளுக்கும் இத்தகைய முறைக்காய்ச்சல் உண்டு. அதன் காரணத்தைக் கண்டறியும் வழி யாது என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

ஓர் இணையதளம் என்பது எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினியில் வைக்கப்பட்டிருப்பது. அக்கணினியைச் சர்வர் என்பர். சிறிய கடைக்கோ பள்ளிக்கோ தனிச் சர்வர் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒண்டுக் குடித்தனம் செய்கின்றன. ஒவ்வொரு கோரிக்கையும் தான் நாடும் தளத்தின் பெயரைத் தாங்கி வரவேண்டும் என்று 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை வகுத்தது. அதனால் ஒரே முகவரி எண்ணில் பல தளங்கள் வாழ்வது எளிதாயிற்று. ஒண்டுக் குடித்தனத்தில் கிணறு ஒன்றே அல்லவா? இங்கும் மையச் செயலகம், நினைவகம், வட்டு ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது.

பொதுக் கிணற்றில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்? டென்மார்க் நாட்டின் எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த வரிசைக் கணிதம் இதற்கு விடை தருகிறது. வேலைகள் ஒழுங்கின்றி வந்து ஒரே வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். இயந்திரத்தின் ஆற்றலில் பாதி பயன்படும்போது, ஒரு வேலை முடிய ஆகும் நேரம் இரு மடங்காகிறது. 90 விழுக்காடு பயன்படும்போது பத்து மடங்காகிறது. 95 விழுக்காட்டில் இருபது மடங்கு! சுமை சிறிதே கூடினாலும் மந்தம் திடீரென்று தோன்றுவதும், சிறிதே குறைந்தவுடன் மறைவதும் இதனாலேதான்.

எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கூறுகிறேன். ஒரு கல்லூரியின் இணையதளத்தைப் பேணும் பணி என்னிடம் வந்தது. மாணவர் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை அத்தளத்தின் வழியாகவே அனுப்பவேண்டும். சில வேளைகளில் ஒரு வினாடியில் திறக்கும் பக்கம், வேறு சில வேளைகளில் அரை நிமிடம் ஆகியும் திறக்கவில்லை. நிரப்பிய படிவம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அறியாமல் மாணவர்கள் தவித்தனர். நான் சோதிக்கும்போதெல்லாம் தளம் நலமாகவே இருந்தது. இதைவிடப் பெரிய சர்வருக்கு மாறுங்கள் என்றனர் சிலர். அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள் என்றனர் வேறு சிலர். முன்னதற்குக் கல்லூரியிடம் பணம் இல்லை. பின்னதோ, அந்நேரத்தில் எந்தெந்த வேலைகள் நடந்துகொண்டிருந்தன என்னும் சான்றையே அழித்துவிடும்.

ஆதலால் முதலில் ஒரு குறிப்பேட்டை உண்டாக்கினேன். நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு பக்கங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்து வைக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒன்று, மாறாத வெறும் எழுத்துப் பக்கம். மற்றொன்று, தரவுத்தளத்தில் தேடி உருவாக்கப்படும் பக்கம். மூன்று நாட்களில் உண்மை வெளிப்படத் தொடங்கியது. ஒவ்வொரு மணி தொடங்கியதும் ஏறத்தாழ எட்டு நிமிடம் இரண்டாவது பக்கம் மட்டும் தள்ளாடியது. முதற் பக்கம் வழக்கம்போல் விரைந்து வந்தது. ஆகவே இடையிலுள்ள இணைய வழியில் குறை இல்லை.

அடுத்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த எட்டு நிமிடங்களில் பார்வையாளர்களோ, தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களோ மிகுதியாக வரவில்லை. தரவுத்தளத்தில் நேரம் மிகுந்த தேடல்களை ஆராய்ந்தேன். அவையே மற்ற வேளைகளில் நொடியில் முடிந்தன. எங்கள் நிரலிலும் குற்றம் இல்லை. எஞ்சியது பொதுக் கிணறே.

என் அட்டவணையைச் சர்வரின் பொறுப்பாளர்களுக்கு அனுப்பினேன். லினக்ஸ் இயங்கும் கணினிகளில் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமையைக் காட்டும் மூன்று எண்கள் உண்டு. ஓடும் வேலைகளோடு வட்டுக்காகக் காத்து நிற்கும் வேலைகளும் அவற்றில் அடங்கும். நான் குறித்த வேளைகளில் சுமை உயர்ந்திருந்தது; ஆயினும் மையச் செயலகம் பெரும்பாலும் ஓய்ந்தே இருந்தது. அப்படியெனில் வேலைகள் வட்டின் வாயிலில் நின்றன என்பது பொருள். அடிக்கடி கேட்கப்பட்ட எழுத்துப் பக்கம் நினைவகத்திலேயே தங்கிவிட்டதால், அது வட்டை நாடாமல் தப்பியது.

வட்டை அடைத்தவர் யார்? குடியிருந்த தளங்களுள் பல, தம் காப்புப் பிரதிகளை மணிக்கு ஒரு முறை எடுத்துவந்தன. கிரான் என்னும் நேரங்காட்டி நிரலில் நிமிடத்தைக் குறிக்கும் இடத்தில் எல்லாரும் பூஜ்யம் என்றே எழுதியிருந்தனர். தனித்தனியே எவரும் குற்றம் செய்யவில்லை. எல்லாரும் ஒரே நொடியில் குடத்தை இறக்கினர், அவ்வளவே. பொறுப்பாளர்கள் அந்நிமிடங்களைப் பிரித்து அமைத்தனர். ஒவ்வொரு குடிக்கும் வட்டைப் பயன்படுத்த ஓர் அளவும் விதித்தனர். மந்தம் நீங்கிற்று. புதிய சர்வருக்கென்று கல்லூரி ஒரு ரூபாயும் செலவிடவில்லை.

மாணவர்களே, நிலைத்து நிற்கும் பழுது தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். வந்து மறையும் பழுதோ போகும்போது தன் சான்றுகளையும் உடன் கொண்டுபோய்விடும். அது மீண்டும் வருமுன்பே குறிப்பேட்டைத் திறந்து வைத்திருங்கள். எந்த நேரம், எவ்வளவு நேரம், எது பாதிக்கப்பட்டது, எது பாதிக்கப்படவில்லை என்னும் நான்கையும் எழுதுங்கள். இந்நான்கனுள் கடைசியையே பலர் எழுத மறக்கின்றனர். காரணம் அல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்க உதவுவது அதுவே.