பூச்சி மேல் பட்டால்தான் சோப்பு மருந்து

அவரை பூவெடுக்கும் நேரத்தில் பூங்காம்பு தெரியாத அளவுக்குக் கறுப்பாக அசுவினி அப்பிக்கொள்ளும். மாடித்தோட்டக்காரர்கள் உடனே கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். நாளைக்கே பறித்துச் சமைக்கப்போகிற காய்க்கு விஷம் எதற்கு? காதி சோப்பு போதும். ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு அடிக்க வேண்டும்.

எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாகும் கொழுப்பு அமில உப்புதான் சோப்பு. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செம்பேன் என மெல்லிய உடம்பு கொண்டவற்றின் மேல் அது படும்போது மேல்தோலின் மெழுகு கரைகிறது, செல் சவ்வு சிதைகிறது. உடம்பின் ஈரம் வெளியேறிப் பூச்சி வற்றிச் சாகிறது. கரைசல் காய்ந்துவிட்டால் அதோடு சரி. பிறகு வந்து உட்காரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. முட்டைக்கும் பெரும்பாலும் பாதிப்பில்லை. அதனால்தான் இலையின் அடிப்பக்கமும் கணுக்களும் நனையும்படி அடிப்பதும், ஐந்தாறு நாள் இடைவெளியில் மறுபடி அடிப்பதும் அவசியம்.

லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சோப்பைச் சீவிப்போட்டு வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். முதலில் ஓரிரு இலையில் மட்டும் அடித்து, மறுநாள் பார்ப்பது நல்லது. கரைசல் கெட்டியானால் பூச்சி கூடுதலாகச் சாகாது, இலைதான் கருகும். இளநாற்றுக்கும் பெரணிச் செடிக்கும் இது ஆகாது.

பலருக்கும் பலன் கிடைக்காததற்குக் காரணம் தண்ணீர். போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். அப்படித் திரிந்த சோப்புக்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி இல்லை; தெளிப்பானையும் அடைத்துவிடும். மழைநீர் சிறந்தது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தொடவே வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தையும் துணி சோப்புத்தூளையும் கலப்பவர்கள் உண்டு. அவை சோப்பே அல்ல, டிடர்ஜென்ட். இலையின் மெழுகை உரித்துச் செடியை வாட்டிவிடும்.

மாவுப்பூச்சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளையாக அடைந்திருக்கும் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவே சற்றுப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகள் தொங்க ஒன்று இருக்கலாம். குச்சியால் தொட்டால் சுறுசுறுப்பாக நகரும். அது மாவுப்பூச்சி அல்ல, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். 'பெரிய மாவுப்பூச்சி' என்று நினைத்து இதைத்தான் முதலில் நசுக்குகிறோம். சோப்புக்கும் நண்பன், எதிரி தெரியாது. இந்தப் புழு மேல் பட்டால் அதுவும் சாகும்.

நண்பர்களின் பலம் சாதாரணமானதல்ல. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி வரை பரவி, பூச்சிக்கொல்லிகளுக்கு அடங்காமல் விவசாயிகளை வதைத்தது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வயல்களில் விடப்பட்ட அசிரோபேகஸ் என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

அதனால் தோட்டம் முழுக்க சோப்புக் கரைசலை இறைக்காதீர்கள். பூச்சி அடைந்த கொழுந்தில் மட்டும் அடியுங்கள். செடியில் எறும்பு சாரை போனால் அதையும் தடுத்துவிடுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் தேன்கழிவுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை நெருங்கவிடாது. பொறிவண்டு உட்கார்ந்திருக்கும் கிளையை மட்டும் தயவுசெய்து சும்மா விட்டுவிடுங்கள்.