பீப் கேட்டது, எண் எங்கே?

நிலக்கடலை பயிரிடுவோருக்குத் திண்டிவனத்தின் பெயர் விதை மூட்டையிலேயே தெரியும். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் டி.எம்.வி. 2 ரகத்தையும், 1967இல் டி.எம்.வி. 7 ரகத்தையும் தந்தது. ஊர்ப் பெயரைச் சுமந்த இந்த ரகங்கள் ஆந்திரம், கர்நாடகம் வரை போயின.

அந்த ஊரில் ஒரு சிறு விதைக்கடை, மூட்டைகளுக்குத் தானே பார்கோடு ஒட்டி, எது எப்போது வெளியே போனது என்று கணக்கு வைக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அதற்கென்று கணினி வாங்கும் அளவுக்கு வேலை இல்லை. ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகையும் யுஎஸ்பி ஸ்கேனரும் போதும் என்று தோன்றும். ஸ்கேனரின் வயரை வெட்டி, சிவப்பை 5 வோல்ட்டிலும் கறுப்பைக் கிரவுண்டிலும், பச்சை, வெள்ளை இரண்டையும் டிஜிட்டல் கால்களிலும் சொருகுவார்கள். விளக்கு எரியும், பீப் என்று கத்தவும் செய்யும். திரையில் ஓர் எழுத்தும் வராது.

பீப் சத்தத்தை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கோட்டைப் படித்தாயிற்று என்பது மட்டுமே அதற்குப் பொருள். படித்ததை எவரும் வாங்கிக்கொண்டார்களா என்பது வேறு கதை.

1996இல் வெளிவந்த யுஎஸ்பியின் விதி கண்டிப்பானது. இணைப்பை நடத்துவது ஒரே தலைமைக் கருவி. அது கேட்டால்தான் மற்றது பதில் சொல்லும். தானாக வாய் திறக்காது. வீட்டுக் கணினி அந்தத் தலைமை வேலையைச் செய்கிறது. ஊனோவின் மூளையான ஏடிமெகா328பி சில்லில் அதற்கான வசதி இல்லை. ஊனோவில் உள்ள யுஎஸ்பி துளையும், கணினி கேட்கக் காத்திருக்கும் பக்கம்தான். கேள்வி கேட்க ஆளில்லாமல் இரண்டும் பேசாமல் கிடக்கின்றன.

கணினியிடம் ஸ்கேனர் தன்னை விசைப்பலகை என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. அதனால்தான் நோட்பேடைத் திறந்து வைத்துச் சுட்டினால், யாரோ தட்டியதுபோல் எழுத்துகள் விழுகின்றன. உள்ளே ஓடுவது எழுத்தல்ல, விசையின் எண். டிஎம்வி7 என்று அச்சிட்ட கோட்டைச் சுட்டினால் 23, 16, 25, 36 என்று வரும். முடிவில் எண்டர் விசைக்கு 40. பெரிய எழுத்து என்பதால் முதல் மூன்றோடும் ஷிப்ட் அழுத்தப்பட்டதற்கான குறி தனியாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு விசைக்குப் பிறகும் விரலை எடுத்ததைச் சொல்லும் வெற்று அறிக்கை வரும். 77 போல ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் மூட்டை எண்களில் நிரல் இந்த வெற்று அறிக்கையைக் கவனிக்கத் தவறினால் கணக்கில் ஓர் ஏழு காணாமல் போகும்.

ஊனோவை விட மனமில்லாதவர்களுக்கு மேக்ஸ்3421இ சில்லு பொருத்திய யுஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டு இருக்கிறது. தலைமைப் பொறுப்பை அது ஏற்கும். 2021இல் வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோ, இஎஸ்பி32-எஸ்3 போன்றவை தாங்களே தலைமைக் கருவியாக இயங்கவல்லவை. ஆனால் ஸ்கேனருக்கு வேண்டிய 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் கூடாது. மின்சாரம் போதாமல் தடுமாறும் ஸ்கேனரை நிரல் பிழை என்று எண்ணி, இரவெல்லாம் நிரலைத் திருத்துவது வீண்.

விழுப்புரம் மாவட்டத்து வீடுகளில் இருக்கும் ரேஷன் ஸ்மார்ட் கார்டைச் சுட்டிப் பார்க்க ஆசைப்படுவோரும் உண்டு. 2017 முதல் தமிழகம் முழுவதும் வழங்கப்படும் அந்த அட்டையில் இருப்பது க்யூஆர் கட்டம். கோடுகளை மட்டும் படிக்கும் லேசர் ஸ்கேனரால் அதைப் படிக்க முடியாது. படம் பிடித்துப் படிக்கும் ரகம் வேண்டும்.

விதைக்கடைக்கு யுஎஸ்பி வழியே வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பரிந்துரை. ஜிஎம்65 போன்ற சிறு ஸ்கேனர் பலகைகள் சீரியல் வழியில் எழுத்தை எழுத்தாகவே அனுப்புகின்றன. தலைமை யார் என்ற கேள்வியே அங்கே எழாது. 5 வோல்ட், கிரவுண்ட், ஸ்கேனரின் டிஎக்ஸ் காலிலிருந்து ஒரு வயர். ஊனோவின் 0, 1 கால்களைக் கணினித் தொடர்புக்கு விட்டுவிட்டு, சாப்ட்வேர் சீரியல் நூலகத்தைக் கொண்டு வேறொரு காலில் 9600 வேகத்தில் கேட்டால் டிஎம்வி7 அப்படியே வந்து விழும்.